ஓட்டிசத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறதா? லிந்துலையிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு இரண்டு வயதும் ஐந்து மாதமும். இன்னும் பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கொழும்பில் ஒரு தனியார் இடத்துக்கு முடி, ரத்தம், மலம் மூன்றையும் கொடுத்தால் ஓட்டிசமா இல்லையா என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்களாம். நகையை அடகு வைத்தாவது எடுக்கலாமா? அப்புறம், நாலு மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறதே, அவளுக்கும் வருமா?

தங்கச்சி, நகையை அடகு வைக்க வேண்டாம். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள், ரத்தக் குழாயும் ரிப்போர்ட்டும்தான் என் பிழைப்பு, அதனால் டெஸ்ட்டுகள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. ஆனாலும் இன்றைய தேதிக்கு ஒரு பிள்ளைக்கு ஓட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று ரத்தத்தையோ முடியையோ மலத்தையோ வைத்துச் சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் இல்லை. கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. அப்படி உறுதி தருவதாகச் சொல்கிறவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். ஏன் இல்லை, எவ்வளவு தூரம் தேடியிருக்கிறார்கள், உங்கள் மகனுக்கு உண்மையிலேயே எடுக்கவேண்டிய டெஸ்ட் எது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு மலையகத்தில் நிறைய அம்மாக்கள் இருக்கிறார்கள்.

இப்போது டொக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பார்த்துத்தான். உங்கள் ஊருக்குப் பொருத்தமாகவே சொல்கிறேன்: தலவாக்கலைப் பக்கம் கோச்சி, அதாவது ரயில், வரும் சத்தம் கேட்கிறது, ஒன்றரை வயதுப் பிள்ளை வாசலுக்கு ஓடுகிறது, கோச்சியை விரலால் காட்டுகிறது, காட்டிவிட்டு உடனே திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது, அம்மாவும் பார்த்தாளா என்று. அந்த ஒரு திரும்பிப் பார்த்தலில் நிறைய விஷயம் இருக்கிறது. தனக்குப் பிடித்ததை இன்னொருவரோடு பங்குபோடத் தோன்றுவது அது, பொதுவாக ஒன்பது மாதத்தில் துளிர்த்து ஒன்றரை வயதுக்குள் நன்றாக வந்துவிடும். ஓட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு கோச்சி மேல் ஆசை இருக்கும், சக்கரத்தையே கண்கொட்டாமல் பார்க்கும், ஆனால் அந்தத் திரும்பிப் பார்த்தல் இருக்காது அல்லது மிகக் குறைவாக இருக்கும். பயிற்சி பெற்ற டொக்டர் பிள்ளையோடு விளையாடி, குமிழி ஊதி, பெயர் சொல்லி அழைத்து, உங்களிடம் பழைய கதையெல்லாம் கேட்டு, இதைத்தான் கவனிக்கிறார். கூடவே ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, சில சத்தங்களைத் தாங்க முடியாமல் காதைப் பொத்துவது போன்றவற்றையும். இதற்குக் கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், ஆனால் அனுபவம் வேண்டும், நேரம் வேண்டும், பிள்ளையின் மொழி தெரிந்திருந்தால் ரொம்ப நல்லது.

கஷ்டமும் அங்கேதான். அனுபவமுள்ளவர்கள் கொஞ்சப் பேர், அவர்களும் பெரும்பாலும் கொழும்பு, கண்டி பக்கம், தமிழில் பேசக்கூடியவர்கள் இன்னும் குறைவு. அதனால்தான் உடலில் அளந்து பார்க்கக்கூடிய ஒரு அடையாளத்தை, பயோமார்க்கர் என்கிறார்களே அதை, விஞ்ஞானிகள் இத்தனை வருஷமாகத் தேடுகிறார்கள். அந்தத் தேடல் நியாயமானது. நடத்தையில் வெளிப்படையாகத் தெரியும் முன்பே ஒரு அளவீடு சொல்லிவிட்டால், பேச்சும் பழக்கமும் உருவாகும் அந்த முதல் இரண்டு வருஷத்திலேயே உதவியைத் தொடங்கிவிடலாம். மொழியே தேவைப்படாத ஒரு அளவீடு கிடைத்தால் அதில் அதிக லாபம் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

இந்தத் தேடல் இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1961லேயே ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளின் ரத்தத்தில் செரொட்டோனின் என்ற ரசாயனம் கூடுதலாக இருக்கிறது என்று கண்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கண்டுபிடிப்பு பொய்யாகவில்லை, திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. ஆனால் ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், மூன்றில் ஒருவருக்குத்தான் அது கூடுதல், மற்றவர்களுக்கு சாதாரணம். ஓட்டிசம் இல்லாத சிலருக்கும் கூடுதலாக இருக்கும். ஆகவே ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும், உங்கள் மடியில் இருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்லாது. இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பாதிக்கு மேல் மாட்டிக்கொண்டது இதே இடத்தில்தான்.

மரபணு பக்கம்தான் இதுவரை உறுதியான நிலம். 1977ல் லண்டனில் 21 இரட்டையர் ஜோடிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு, ஒரே மாதிரி இரட்டையர்களில் இருவருக்குமே ஓட்டிசம் வருவது அதிகம் என்று காட்டி, இது வளர்ப்புக் குறையால் வருவதில்லை என்பதற்கு வழி திறந்தது. அந்தக் காலத்தில் தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று பெரிய டொக்டர்களே எழுதினார்கள். அந்தக் கொடுமையான பழி இன்றைக்கும் லயத்தில் பக்கத்து வீட்டு வாயிலிருந்து வரும், மாமியார் வாயிலிருந்தும் வரும். அதில் ஒரு துளி உண்மையும் இல்லை, இதை நீங்கள் மனதில் போட்டுக்கொள்ளவே கூடாது. பிறகு, ஓட்டிசத்தோடு சேர்ந்து வரக்கூடிய இரண்டு பரம்பரை அலகுக் கோளாறுகளில், 1991ல் ஃப்ரஜைல் எக்ஸ் என்ற நிலைக்கான மரபணுவையும், 1999ல் ரெட் சிண்ட்ரோமுக்கான மரபணுவையும் கண்டுபிடித்தார்கள். இவை ரத்தத்தில் திட்டவட்டமாகத் தெரியும். 16ஆம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப்போவது போன்றவற்றையும் இப்போது பார்க்கலாம். ஆனால் இருக்கிற நல்ல மரபணு டெஸ்ட்டையெல்லாம் எடுத்தாலும் பத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் ஒரு தெளிவான காரணம் கிடைக்கும். மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து சின்னச் சின்னதாகத் தள்ளியிருக்கும். இன்னொன்று, இந்த டெஸ்ட் காரணத்தைச் சொல்லுமே தவிர, ஓட்டிசம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லாது. அதே துண்டு விடுபட்டும் ஓட்டிசம் இல்லாமல் வளர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மூளைப் படத்துக்கு வருவோம். 2017ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வுக் குழு, ஏற்கெனவே ஓட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கும் 106 கைக்குழந்தைகளைத் தூங்கவைத்து 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எம்ஆர்ஐ எடுத்தது. மூளையின் மேற்பரப்பு வேகமாக விரிகிற விதத்தை வைத்து, இந்தக் குழந்தைக்கு இரண்டு வயதில் ஓட்டிசம் தெரியவரும் என்று கணித்ததில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. பெரிய விஷயம்தான், எனக்கு அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் அது ஆபத்து கூடிய குடும்பத்துக் குழந்தைகள், ஒரே ஒரு சின்னக் குழு. சாதாரண ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேனில் ரேடியோலொஜிஸ்ட் பார்த்துச் சொல்லும் விஷயமும் அல்ல அது. அதனால் யாராவது "ஓட்டிசம் பார்க்க எம்ஆர்ஐ எடுங்கள்" என்றால், எதற்காக என்று கேளுங்கள். வலிப்பு வருகிறது, தலை அளவுக்கு மீறி வளர்கிறது, நடை மாறுகிறது என்றால் ஸ்கேனும், மூளையின் மின் அலையைப் பதியும் ஈஈஜியும் நியாயம். ஓட்டிசம் என்ற சந்தேகத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

மின் அலைகளிலும் தேடுகிறார்கள். ஒரு முகத்தைப் பார்த்ததும் ஏறக்குறைய ஒரு வினாடியின் ஆறில் ஒரு பங்கு நேரத்தில் மூளையில் ஒரு அலை எழும், ஓட்டிசம் உள்ள பலரில் அது கொஞ்சம் தாமதமாக எழுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தலைமையில் நடக்கும் கூட்டு ஆய்வின் இந்த அளவீட்டை 2019ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தன் பயோமார்க்கர் தகுதித் திட்டத்தில் ஏற்றுக்கொண்டது. கவனியுங்கள், அது கூட நோயறிதலுக்காக அல்ல, மருந்து ஆய்வுகளில் சேர்ப்பவர்களைக் குழுவாகப் பிரிப்பதற்காக.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது கண் அசைவு. பிள்ளைக்கு ஒரு வீடியோவைப் போட்டு, கண் எங்கே போகிறது, யாருடைய முகத்தில் நிற்கிறது, எப்போது விலகுகிறது என்று கமெரா பார்க்கும். 2013ல் வந்த ஆய்வு ஒன்று, பின்னாளில் ஓட்டிசம் உறுதியான குழந்தைகள் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே கண்களைப் பார்த்தார்கள், இரண்டு மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்தான் அது குறையத் தொடங்கியது என்று காட்டியது. அதன் வழியில் வந்த ஒரு கருவிக்கு 2022ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு. 2023ல் ஆறு நிலையங்களில் 475 பிள்ளைகளிடம் சோதித்த முடிவு வெளிவந்தது: நிபுணர்கள் ஓட்டிசம் என்று சொன்ன பிள்ளைகளில் 71 வீதத்தை அது பிடித்தது, இல்லை என்று சொன்னவர்களில் சுமார் 81 வீதத்தை இல்லை என்றது. அதாவது பத்துப் பேரில் மூன்று பேரைத் தவறவிடுகிறது. அதனால்தான் அது டொக்டருக்குத் துணையாக மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது, தனியாக முடிவு சொல்ல அல்ல. ஒரு நாள் இப்படி ஒரு கருவி நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன், ஆனால் அதற்கு முன்னால் நம் பிள்ளைகளிடம், நம் வீட்டு முகங்களும் நம் பேச்சும் உள்ள வீடியோவை வைத்துச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

இனி உங்களிடம் கேட்ட அந்த மூன்று சாம்பிளுக்கு வருகிறேன்.

மலம். குடல் கிருமிகளை வைத்து ஓட்டிசத்தைப் பிரித்தறியலாம் என்று 2024ல் ஹொங்கொங்கிலிருந்து 1,600க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது, செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு முன்பே 2021ல் ஆஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளிடம் பார்த்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் குறிப்பிட்ட சில சாப்பாட்டை மட்டுமே சாப்பிடுகிறார்கள், அதனால்தான் குடல் கிருமிகளின் வகை குறைகிறது என்று. உங்கள் மகனும் வெள்ளைச் சோறும் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் வாயில் வைக்காதவனாக இருந்தால் இது உடனே புரியும். எது முன்னே எது பின்னே என்று தீராத விஷயத்தை வைத்து இன்றைக்கே ஒரு பிள்ளைக்கு ரிப்போர்ட் அடிப்பது தப்பு.

முடி. இதில் எனக்குக் கோபமே வரும். முடியில் பாதரசம், ஈயம் பார்த்து, "உடலில் விஷம் சேர்ந்துவிட்டது, அதை இறக்கினால் ஓட்டிசம் போய்விடும்" என்று அடுத்த கட்டத்துக்குக் கூட்டிப்போவார்கள். உலோகத்தை இறக்கும் அந்த ஊசி சும்மா விஷயமில்லை. 2005ல் அமெரிக்காவில் ஓட்டிசம் இருந்த 5 வயதுப் பையன் ஒருவன் அந்தச் சிகிச்சையின்போது ரத்தத்தில் கல்சியம் இறங்கி இறந்துபோனான். முடி டெஸ்ட்டில் என்ன எண் வந்தாலும் இந்தப் பாதைக்குப் போகாதீர்கள்.

ரத்தம். அமினோ அமிலங்கள், ஒட்சியேற்றச் சேதம், தாயின் ரத்தத்தில் உள்ள சில பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) என்று பல முனையில் நேர்மையான ஆட்கள் வேலை செய்கிறார்கள். சில ஆய்வுகளில் 90 வீதம் சரி என்றெல்லாம் வரும். அந்த எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஓட்டிசம் என்று வையுங்கள். இருப்பவர்களில் 90 வீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 வீதத்தை இல்லை என்று சரியாகச் சொல்லும் ஒரு டெஸ்ட்டை எல்லாருக்கும் செய்கிறோம். ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கும். இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் "இருக்கிறது" என்று சொல்லும். ஆக "இருக்கிறது" என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு அழுதபடி வெளியே வரும் 108 குடும்பங்களில் ஒன்பது குடும்பத்துக்குத்தான் அது உண்மை. அதோடு அந்த ஆய்வுகள் அநேகமாகத் தெளிவாக ஓட்டிசம் உள்ள பிள்ளைகளை, எந்தப் பிரச்சினையும் இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டவை. கிளினிக்குக்கு வருவது அப்படியா? காது மந்தம், பேச்சுத் தாமதம் மட்டும், மூளை வளர்ச்சித் தாமதம், குறைமாதத்தில் பிறந்தது என்று எல்லாம் கலந்துதான் வரிசையில் நிற்கும். அவர்களுக்குள் பிரித்துச் சொல்லத் தெரியாத டெஸ்ட் டொக்டருக்கு எதற்கு?

அப்படியானால் பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் கேள்விப் பட்டியல் போதுமா என்றால், அதிலும் நம் நாட்டு அனுபவம் ஒன்று இருக்கிறது. 2009ல் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் ஒன்றரை முதல் இரண்டு வயதுப் பிள்ளைகளை ஓர் அரை நகர்ப்புறப் பகுதியில் பார்த்தபோது 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் என்ற கணக்கு வந்தது. வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்துக் கேட்டதில் பல பிள்ளைகள் தவறிப்போனதும் அப்போதுதான் தெரிந்தது. அதனால் பிறகு படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை இங்கேயே உருவாக்கி 2017ல் வெளியிட்டார்கள். மலையகத்தில் இது எனக்கு நன்றாகவே புரிகிறது. "உங்கள் பிள்ளை பாவனை விளையாட்டு விளையாடுமா" என்று கேட்டால் அம்மா விழிப்பாள். சிரட்டையில் மண்ணைப் போட்டு சோறு என்று ஊட்டுமா, துண்டைத் தலையில் மாட்டிக் கொழுந்துக்கூடை என்று நடக்குமா என்று கேட்டால் உடனே பதில் வரும். அதுவும் காலையில் மலைக்கு ஏறி மாலையில் இறங்கும் அம்மாவை விட, பகலெல்லாம் பிள்ளையைப் பார்க்கும் பாட்டிக்கும் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளை காப்பகம்) ஆயாவுக்கும் சில விஷயம் கூடத் தெரியும். டொக்டரிடம் போகும்போது முடிந்தால் அவர்களில் ஒருவரையும் கூட்டிப்போங்கள்.

சரி, உங்கள் மகனுக்கு எடுக்கவேண்டிய டெஸ்ட் எது? முதலில் காது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பிஸ்கட் பக்கெட்டைக் கிழிக்கும் சத்தத்துக்கு ஓடிவருகிறான், அதனால் காது சரி என்று நினைக்காதீர்கள், சில அலைவரிசை மட்டும் கேளாமல் போகலாம், காதுக்குள் நீர் கட்டியும் இருக்கலாம். தூங்கும்போதே எடுக்கக்கூடிய கேட்டல் பரிசோதனை அரச ஆஸ்பத்திரிகளில் உண்டு, டொக்டர் கடிதம் கொடுத்தால் போதும். அடுத்தது இரும்புச் சத்து, நம் தோட்டங்களில் இரத்தச் சோகை புதிதில்லை, சாப்பாட்டில் தெரிவு பார்க்கும் பிள்ளைக்கு இன்னும் கூடும், தூக்கமும் கவனமும் கெடும். மண்ணையோ பழைய சுவரில் உரியும் பெயின்ட்டையோ வாயில் போடுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள், அப்போது ரத்தத்தில் ஈயம் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. பிறந்தபோது தைராய்டு பார்த்ததா என்று பதிவேட்டில் பாருங்கள். முக அமைப்பில் வித்தியாசம், வளர்ச்சி எல்லாவற்றிலும் பின்தங்கல், குடும்பத்தில் இன்னும் சிலருக்கு இப்படி என்றால் டொக்டர் மரபணு டெஸ்ட்டுக்கு அனுப்பலாம், கொழும்பு மருத்துவ பீடத்தில் அதற்கான பிரிவு இருக்கிறது. பேசிய வார்த்தைகளை இழந்தான், அல்லது வெறித்துப் பார்த்து உறைந்து நிற்கிறான் என்றால் காத்திருக்காமல் காட்டுங்கள். இவ்வளவுதான். இவற்றில் எதுவும் ஓட்டிசத்தை நிரூபிக்காது, ஆனால் சரிசெய்யக்கூடிய ஒன்று மறைந்திருந்தால் வெளியே வரும்.

எங்கே போவது? உங்கள் பகுதி மிட்வைஃபிடம் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டோடு போய், வளர்ச்சிப் பக்கத்தைத் திறந்து, எதெல்லாம் இன்னும் செய்யவில்லை என்று சொல்லுங்கள். எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக் வழியாக நுவரெலியா ஆஸ்பத்திரியின் பிள்ளை வைத்தியருக்கோ, பேராதனையில் உள்ள சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கடிதம் வாங்கலாம். "ஆம்பிளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் அப்பாவும் அப்படித்தான்" என்று வீட்டில் சொல்வார்கள். இரண்டரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லை, பெயருக்குத் திரும்பவும் இல்லை என்றால் அந்தச் சமாதானத்தை ஏற்கவேண்டாம். போகும் முன் போனில் இரண்டு மூன்று சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்: பெயர் சொல்லி அழைக்கும்போது, தனியாக விளையாடும்போது, ஏதாவது வேண்டும் என்று கேட்கும்போது. புது இடத்தில் பிள்ளை அழுதுகொண்டே இருந்தால் டொக்டருக்கு அந்த வீடியோதான் உதவும்.

முடிவு வரும்வரை சும்மா இருக்கவேண்டாம், பெயர் வைத்த பிறகுதான் உதவி என்று எந்தச் சட்டமும் இல்லை. அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி நீங்கள் பேசுங்கள், அவன் உயரத்துக்குக் குனிந்து, சின்னச் சின்ன வார்த்தையில். பிடித்ததை எட்டாத இடத்தில் வைத்து, அவன் கையை நீட்டவோ உங்களைப் பார்க்கவோ கொஞ்சம் பொறுத்திருந்து, பார்த்த உடனே கொடுங்கள். போனைக் கொடுத்து உட்காரவைப்பதைக் குறையுங்கள், போன் ஓட்டிசத்தை உண்டாக்கியிருக்காது, ஆனால் அவனோடு யாராவது பேசக்கூடிய நேரத்தை அது எடுத்துக்கொள்கிறது. அடகுக் காசு மிச்சமானால் கண்டிக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் ஸ்பீச் தெரபிக்கும் வையுங்கள், அங்கேதான் அது பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக, கைக்குழந்தை. மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் உறுதியானால் அடுத்ததற்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று என்று 2024ல் 1,605 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு சொன்னது, பெண் குழந்தைகளுக்கு அது சுமார் எட்டில் ஒன்றுதான். அதாவது வராமல் இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். அவளுக்கு ஸ்கேனோ ரத்தமோ இப்போது எதுவும் வேண்டாம். அண்ணனின் விஷயத்தை மிட்வைஃபிடம் சொல்லி அவளுடைய பதிவேட்டிலும் எழுதச் சொல்லுங்கள், 9 மாதம், 12 மாதம், 18 மாதம் கிளினிக்குகளில் பெயருக்குத் திரும்புகிறாளா, சிரித்தால் சிரிக்கிறாளா, விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 9 மாதத்தில் போடும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்று யாராவது பயமுறுத்தினால், அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே 2010ல் திரும்பப் பெற்றுவிட்டது, 2019ல் டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை வைத்துப் பார்த்தும் எந்தத் தொடர்பும் இல்லை, அண்ணன் அக்காவுக்கு ஓட்டிசம் இருந்த பிள்ளைகளிலும் இல்லை. ஊசியைத் தள்ளிப்போடாமல் போடுங்கள்.